போன வழியை வரைபடமாக்குவோம்!

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலத்திற்கு எப்படிப் போவது என்று கேட்டால் கூகுள் மேப்ஸ் நொடியில் வழி காட்டிவிடும். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய பின் எங்கே நிழல் இல்லை, எங்கே ஹாரன் சத்தம் காதை அடைக்கிறது, வயதான அம்மாவுடன் எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கப் பயமாக இருக்கிறது என்பதை அது சொல்லாது. நடந்து பார்த்தவர்தான் அதைச் சொல்ல முடியும். அதைப் பதிவு செய்ய உங்கள் செல்போனும் வீட்டுக் கம்ப்யூட்டரும் போதும்.

முதலில் யார் செய்தார்கள்?

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டது. அதன் பின்பே தெருவில் நடப்பதைச் சரியாகப் பதிவு செய்ய முடிந்தது. 2002-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் எஸ்தர் போலாக் என்ற கலைஞர் நகரவாசிகளிடம் ஜிபிஎஸ் கருவிகளைக் கொடுத்தார். அவர்கள் போய் வந்த கோடுகளே நகரத்தின் வரைபடமாக உருவாயின. 2004-ல் கிறிஸ்டியன் நோல்ட் என்பவர் விரல் வியர்வையை உணரும் சென்சாரை ஜிபிஎஸ்ஸுடன் இணைத்தார். படபடப்பு எங்கே வந்தது என்று கருவி காட்டியது. அது பயமா, சந்தோஷமா என்பதை நடந்தவரே எழுத வேண்டியிருந்தது. எனவே நாமும் கருவியை மட்டும் நம்பாமல் குறிப்பும் எழுதப் போகிறோம்.

செய்முறை

1. ஆஸ்மாண்ட் போன்ற இலவச அப்ளிகேஷனை செல்போனில் நிறுவி, பயணப் பதிவு வசதியை இயக்கவும். திறந்த வெளியில் சற்று நின்று தொடங்கவும். இடத்தைச் சரியாகக் கணிக்க குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் தேவை. கூரைக்கு அடியில் கோடு தாறுமாறாகப் போகலாம்.

2. வழியில் நின்று நின்று குறிப்பு எடுக்கவும். நேரம், கேட்ட சத்தம், வந்த வாசனை, உடம்புக்கு எப்படி இருந்தது என நான்கும் போதும். உதாரணம்: "10.42, மணிமுத்தாறு பாலம், காற்று நன்றாக வருகிறது, லாரி வந்தால் ஒதுங்க இடமில்லை."

3. பயணம் முடிந்ததும் பதிவை நிறுத்தி, ஜிபிஎக்ஸ் பைலாகச் சேமித்து, யூஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றவும்.

4. கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் மை மேப்ஸ் தளத்தைத் திறந்து, புதிய மேப் ஒன்றை உருவாக்கி, இம்போர்ட் மூலம் அந்த பைலைக் கொடுக்கவும். நீங்கள் போன வழி கோடாகத் தெரியும்.

5. அதே பைலை நோட்பேடில் திறக்கவும். ஒவ்வொரு புள்ளிக்கும் லாட், லான் என்ற இரண்டு எண்களும் நேரமும் இருக்கும். கண்ட்ரோல் + எஃப் கொடுத்து உங்கள் குறிப்பின் நேரத்தைத் தேடி, இரண்டு எண்களையும் மை மேப்ஸின் தேடல் கட்டத்தில் கொடுங்கள். கிடைக்கும் இடத்தை மேப்பில் சேர்த்து, உங்கள் குறிப்பைத் தமிழிலேயே டைப் செய்யுங்கள்.

இரண்டு இடங்களில் தடுமாறுவீர்கள்

பைலில் இருப்பது உலகப் பொது நேரம். இந்திய நேரத்தில் 5.30 மணியைக் கழித்துத் தேட வேண்டும். 10.42 என்பது 05:12 என்று இருக்கும். அடுத்து, எண்களை இடம் மாற்றாதீர்கள். நம் பகுதியில் லாட் 11-லும், லான் 79-லும் தொடங்கும். மாற்றிக் கொடுத்தால் உங்கள் புள்ளி நார்வேக்கு வடக்கே, பனி மூடிய ஸ்வால்பார்ட் தீவில் போய் நிற்கும்!

எச்சரிக்கை

கோடு தொடங்கும் இடம் உங்கள் வீடு. தினமும் பதிவு செய்து வெளியே கொடுத்தால், வீடு எப்போது பூட்டியிருக்கும் என்பதும் பிறருக்குத் தெரிந்துவிடும். எனவே இரண்டு தெரு தள்ளிப் பதிவைத் தொடங்கி, திரும்பும்போது முன்னதாகவே நிறுத்துங்கள். மேப்பை யாரெல்லாம் பார்க்கலாம் என்பதை ஷேர் பகுதியில் சரி பாருங்கள்.

ஒரே வழியைக் காலையிலும் மதியத்திலுமாக மூன்று நாட்கள் பதிவு செய்யுங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் "கடக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தால், அந்த மேப்பைப் பிரிண்ட் எடுத்து நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ தரும் மனுவுடன் இணைக்கலாம். நேரமும் இடமும் உள்ள புகாரை "எங்கே, எப்போது" என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமையே முயன்று பாருங்கள்.