டிக்கியைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்

சென்னையிலிருந்து சிவகாசிக்கு ஏறக்குறைய 540 கிலோமீட்டர். நடுவில் கிடக்கும் 450 கிலோமீட்டருக்குத் திட்டமே தேவையில்லை, நான்குவழிச் சாலை தன்னால் கொண்டுபோய் விட்டுவிடும். திட்டம் வேண்டியது இரண்டு முனைகளுக்கு. பெருங்களத்தூரில் தொடங்கிச் செங்கல்பட்டில் முடிவது ஒரு முனை, விருதுநகரில் இறங்கிய பிறகு இருப்பது இன்னொன்று.

முதல் முனைக்கு விடை நேரம்தான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில் வண்டலூர்ப் பக்கம் தலை காட்டாமல் இருப்பதே நல்லது. ஆபீஸ் முடித்து எட்டு மணிக்குக் கிளம்புகிறவர், சாப்பிட்டுத் தூங்கி விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவரைவிடப் பெரிதாக முன்னால் போய்விட மாட்டார். களைப்பு மட்டும் கூடுதல். ஓ.எம்.ஆர். பக்கம் இருப்பவர்கள் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தால் ஜி.எஸ்.டி. சாலையின் மோசமான பகுதியும் பரனூர் டோல்கேட்டும் மிச்சம். பாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ் லாபம். 200 முறை டோல்கேட்டைக் கடக்கலாம்.

அடுத்து, பட்டாசு வாங்க எந்த விடுமுறையில் போவது. தீபாவளிக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும், பட்டாசுக் கடைகளிலும் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவார்கள். அதிலிருந்து செப்டம்பர் முடியும்வரை நமக்கான காலம். கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும், சரக்கும் முழுசாக இருக்கும்.

ஆனால் ஊர்க் காலண்டரையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 2025-இல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்தது, அருமையான மூன்று நாள் விடுமுறை. அன்றேதான் ஆடிக் கடைசி வெள்ளி. சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மனுக்கு அது பெரிய நாள். சுற்றுவட்டாரம் முழுக்க நடந்து வரும். சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. சேவு வாங்கச் சாத்தூருக்குக் கார் ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட மோசமான நாளும் இல்லை.

இரவு தங்க விருதுநகர்தான் என் தேர்வு. சாயங்காலம் நாலு தெரு நடந்தால் ஊர் கைக்குள் வந்துவிடும். காமராஜர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-இல் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாருக்கும் இதுதான் ஊர்.

இருட்டியதும் எண்ணெய் பரோட்டா. நடுவில் குழிந்த கல், குழியில் எண்ணெய். ஓரத்தில் பாதி வெந்த பரோட்டாவை மாஸ்டர் கரண்டியால் தள்ளிவிடுவார். அது எண்ணெயில் மிதந்து, விளிம்பு சிவந்து, மொறுமொறுவென்று இலைக்கு வரும். பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி, நன்றாக ஊறுவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். மதுரையிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் அதை முதலில் வையுங்கள். பால்கோவாவை உடனே தின்பதற்கு மட்டும் வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் அது தாங்காது.

பிறகு சிவகாசி. வழியெல்லாம் பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னப் பட்டாசு ஆலைக் கட்டடங்கள், நடுநடுவே வேப்பமரம். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியாது, கேட்கவும் வேண்டாம். ஆலை வாசலில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதும் கூடாது. புகை எழுவதைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு தூரமாகப் போய்விடுங்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள்; அவர்களில் பலர் வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் நெருங்கி வந்தவர்கள். சிவகாசியில் ஒரு டீக்கடையில் என் பக்கத்தில் நின்றவரின் கை முழங்கைவரை வெள்ளி பூசியது போல் இருந்தது. அலுமினியப் பவுடர். டம்ளரைத் துணியால் பிடித்துக் குடித்தார். அதைப் பார்த்த பிறகு கடையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

பேரத்துக்கு அவசியமும் இல்லை. லிஸ்ட்டில் '80 சதவீதம் தள்ளுபடி' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், விலையை ஏற்றிப் போட்டு இறக்குவது அங்கே வழக்கம். "அண்ணாச்சி, நெட்டு எவ்வளவு?" என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள். பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையைப் பாருங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த வெடிக்கும் தடை போட்டது. இணையத்தில் விற்பதற்கும் அதே தடை. "சரவெடி உள்ளே இருக்கு" என்று யாராவது கண்ணைக் காட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். அளவோடு வாங்குங்கள். தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்கக் கிடைப்பது காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்.

ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். இந்தப் பயணத்துக்குக் கார் எடுப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். எனவே போகும்போதே டிக்கி காலியாக இருக்கட்டும். துணிப் பைகள் காலடியில் போகட்டும். பட்டாசுப் பெட்டியோடு பெட்ரோல் கேன், பேட்டரி, சார்ஜர் எதையும் வைக்காதீர்கள். பில்லைக் கையில் எடுக்கிற இடத்தில் வையுங்கள், போலீஸ் கேட்கலாம். சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். காருக்குள் சிகரெட் பிடிக்கிறவர் கூட இருந்தால் அவரை வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

சரக்கோடு எந்த லாட்ஜிலும் தங்கவும் முடியாது. ஆகையால் கொள்முதல் எப்போதும் கடைசி வேலை. இதில்தான் பலருடைய கணக்கு இடிக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைக்குப் போய், பதினொன்றரைக்குக் கிளம்பினால், ஊரே சென்னைக்குத் திரும்புகிற நேரத்துக்குச் சரியாகச் செங்கல்பட்டில் நிற்பீர்கள், டிக்கியில் வெடிகளோடு. எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை மதியமே வாங்கிவிடுகிறோம். மூன்று மணிக்குக் கிளம்பி, திருச்சியில் இரவுச் சாப்பாடு, வண்டி ஓட்ட இரண்டு பேர், பின்னிரவில் தாம்பரம். மூன்றாம் நாள் விடுமுறை தூங்குவதற்கு.