கறள் பிடித்த பெற்றோல் தாங்கியைத் திருத்துதல்

எமது கிராமங்களில் ஹொண்டா சி.டி. 90, எம்.டி. 90 போன்ற பழைய மோட்டார் சைக்கிள்கள் மீன்பெட்டியும் நெல்மூட்டையும் சுமந்து இன்னும் ஓடுகின்றன. இயந்திரம் நன்றாக இருக்கும். தாங்கியின் அடி மட்டும் கசியும். குற்றம் பெற்றோலினுடையதன்று. தாங்கி வெறுமையாக நிற்கும்போது உள்ளே புகும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீர்த்துளியாகிறது. நீர் பெற்றோலைவிடப் பாரமானது. ஆகவே அடியில் தங்கி, தகடுகள் பொருந்தும் விளிம்பை அரிக்கிறது.

திருத்த முற்படுமுன் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கியே ஆபத்தானது. எரிவது திரவமல்ல, அதன் ஆவி. காற்றில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 1½ முதல் 7½ பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், தாங்கி குண்டுபோல் வெடிக்கும். "இரண்டு நாள் வெயிலில் வைத்தேன், மணமில்லை" என்பது போதாது. கறளின் இடுக்குகளில் ஊறிய பெற்றோல் சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். கராஜில் வேலை பழகும் பொடியன்மாரிடம் இவ்வேலையை விடும் முதலாளிமார் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெற்றோலை வெளியிடத்தில் வடித்து, அதைத் திறந்துமூடும் குழாயையும் கழற்றி, சவர்க்காரத்தூள் கரைத்த சுடுநீரால் பல முறை கழுவ வேண்டும். பின்னர் நீருடன் ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கினால் தடித்த கறள் உதிரும். (சங்கிலியின் ஒரு முனையைக் கம்பியில் கட்டாதவர் அதை வெளியே எடுக்கப் படும் பாடு தனி.) எஞ்சியதற்கு லீற்றருக்கு 50 கிராம் வீதம் சிற்றிக் அமிலம் கரைத்து, நிரம்ப ஊற்றி ஒரு நாள் விடலாம். வினாகிரியும் உதவும், ஆனால் மெதுவாக. ஐதரசன் வாயு வெளிவருமாதலால் வாய் திறந்திருக்கட்டும். சுருட்டுப் பிடிப்பவர் தள்ளி நிற்கட்டும். ஐதரோகுளோரிக் அமிலம் விரைவானது, ஆயினும் நல்ல இரும்பையும் தின்றுவிடும்.

இப்போது முன்பு ஒழுகாத இடமும் ஒழுகும். பலர் அமிலத்தைத் திட்டுவர். உண்மையில் அங்கு கறளே அடைப்பாக நின்றது. ஒட்டுவதற்கு முன் கழுவ வேண்டும் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

அப்பச்சோடா கரைத்த நீரால் அமிலத்தைப் போக்கியபின் ஒட்டலாம். ஊசித்துளைக்கு வெல்டிங் வேண்டியதில்லை. மெல்லிய தகட்டில் அது துளையைப் பெருப்பிக்கும். ஏறக்குறைய 190 பாகை செல்சியசில் உருகும் ஈயப் பற்றாசு போதும். தாங்கியைக் கவிழ்த்து, மூடியை இறுக்கி, துளைக்கு இரண்டு விரல் கீழ்வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். அப்போது ஆவிக்கு மிகக் குறைந்த இடமே இருக்கும். பெற்றோல் குழாயின் துளை திறந்திருக்கட்டும். பெயின்றைச் சுரண்டி, தகடு பளபளத்தபின், தூரத்து அடுப்பில் காய்ச்சிய பாரமான செப்புக்கோலால் பற்றவைக்க வேண்டும். ஊதுவிளக்கைக் கிட்டக் கொண்டுவரவே கூடாது. விரலால் அழுத்த அமுங்கும் தகட்டை ஒட்டிப் பயனில்லை. வேறு தாங்கி தேடுவதே சிக்கனம்.

தண்ணீர் நிற்கும் துளையில் பெற்றோல் நில்லாது. எனவே மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பத்திரிகைத்தாளின்மேல் ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். தாங்கி ஈரமாயிருந்தால் சில மணித்தியாலங்களிலேயே புதுக்கறள் தோன்றும். ஆகவே உடன் உலர்த்தி, பெற்றோலை நிரம்ப ஊற்றுங்கள். குழாயில் ஒரு வடியும் பூட்டுங்கள். இல்லையேல் மிஞ்சிய தூள் காபரேற்றரை அடைக்கும்.

வழியில் கசிந்தால், ஈரமில்லாத சவர்க்காரக் கட்டியைத் துளையில் அழுத்தித் தேய்க்கலாம். பெற்றோல் அதைக் கரைக்காது. வீடு போய்ச்சேர அது போதும், மழை பெய்யாவிட்டால்.