பொம்மைத் தலையில் முடி நட: மொஹேரும் ஊசியும் பார்த்து வாங்குங்கள்

நவராத்திரி என்றால் புதுக்கோட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. சமஸ்தான காலத்தில் அரிசியோடு அம்மன் காசும் கொடுத்துக் கொண்டாடிய ஊர் இது. இன்று சில வீடுகளில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் வினைல் குழந்தை பொம்மை ஒன்று தொட்டில் கண்ணனாகப் படுத்திருக்கிறது. அந்தப் பொம்மைக்கு வண்ணம் பூசி, ஒவ்வொரு முடியாக நட்டு, நிஜக் குழந்தை போல ஆக்குவதுதான் 'ரீபார்ன்' கலை. 1990களில் அமெரிக்காவில் தொடங்கியது. வண்ணம் பிசகினால் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம். முடி பிசகினால் தலை முழுக்க ஓட்டைதான். ஆகவே வாங்கும்போதே கவனம் வேண்டும்.

1. மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் ரோமம். ஆட்டின் பூர்வீகம் துருக்கியின் அங்காரா பகுதி. இன்று அதிகம் விளைவது தென்னாப்பிரிக்காவில். 'அங்கோரா' என்று மட்டும் எழுதி விற்றால் அது அங்கோரா முயலின் ரோமமாக இருக்கலாம். அது வேறு சரக்கு. விராலிமலை, அன்னவாசல் பக்கம் மேயும் நம் வெள்ளாட்டின் முடி குட்டை, முரடு; இதற்கு உதவாது. திருச்சி கருப்பு செம்மறியின் ரோமம் கம்பளிக்குச் சரி, பொம்மைக்குச் சரிவராது.

2. ஆட்டின் வயதைக் கேட்டு வாங்குங்கள். குட்டி ஆட்டின் முதல் கத்தரிப்பு ஏறக்குறைய 25 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். வயது ஏற ஏற ரோமமும் தடித்து 35 மைக்ரானைத் தாண்டும். நம் தலைமுடி பெரும்பாலும் 60 முதல் 90 மைக்ரான். பிறந்த குழந்தை போல வேண்டுமா, குட்டி ஆட்டு மொஹேர் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை போன்ற பெரிய பொம்மைக்கு வளர்ந்த ஆட்டின் ரோமம் போதும், விலையும் குறையும்.

3. வீட்டில் கிடக்கும் சவுரியை வெட்டி நடலாமே என்று தோன்றும். வேண்டாம். பெரியவர்களின் முடி அந்தச் சின்னத் தலையில் துடைப்பக் குச்சி போல நிற்கும். பிள்ளையின் முதல் முடியையே நடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மென்மை இருக்கும், நீளம் இருக்காது. நடுவதற்கு விரலில் பிடிக்கவே மூன்று அங்குலமாவது வேண்டும். தவிர, நார்த்தாமலை மாரியம்மனுக்கோ குலதெய்வத்துக்கோ நேர்ந்துகொண்டது சாமிக்கே போகட்டும் என்பது என் கட்சி.

4. உல்லன் கடையில் 'மொஹேர்' என்று உருண்டையாகக் கிடைப்பது பின்னலுக்கான முறுக்கு நூல். பெரும்பாலும் அதில் அக்ரிலிக் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது முறுக்காத, வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் தெரியும் கற்றை. சந்தேகம் வந்தால் நாலு இழையை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிர்ந்தால் அது ரோமம். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பிளாஸ்டிக் இழை.

5. நிறத்தில் நம்மவர்கள் தவறாமல் அட்டைக்கரியைத்தான் எடுப்பார்கள். வெயிலில் நம் பிள்ளைகளின் தலையைப் பாருங்கள், ஓரமெல்லாம் செம்பட்டை ஓடியிருக்கும். ஆழ்ந்த பழுப்பு வாங்கி, அதோடு ஒரு படி வெளிறிய பழுப்பைக் கொஞ்சம் கலந்து நட்டால் உயிர் வரும். கண்ணன் பொம்மை என்றால் மட்டும் கறுப்பும் சுருளும் இருக்கட்டும். மொஹேர் இயல்பில் வெள்ளை. கறுப்பும் பழுப்பும் சாயம் ஏற்றியவை. நனைத்த வெள்ளைத் துணியில் ஒரு கற்றையை அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் பொம்மையின் நெற்றியிலும் இறங்கும்.

6. ஒரு தலைக்கு 15 முதல் 30 கிராம் போதும்.

7. ஊசிதான் பலரும் ஏமாறும் இடம். தையல் ஊசி வேண்டாம். ஆரி வேலை தெரிந்தவர்கள் ஆரி ஊசியை எடுப்பார்கள், அதுவும் ஆகாது. ஆரி ஊசியின் கொக்கி நூலை வெளியே இழுப்பதற்காக வளைந்தது. இங்கே முடி உள்ளே போய்த் தங்க வேண்டும். ஃபெல்டிங் ஊசி என்று கேளுங்கள். அதன் முனைப் பகுதி முக்கோண வடிவில் இருக்கும்; விளிம்பில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் சின்னச் சின்ன வெட்டுகள் முனையைப் பார்த்தபடி அமைந்திருக்கும். குத்தும்போது அந்த வெட்டில் முடி மாட்டி உள்ளே போகும். ஊசியை இழுக்கும்போது முடி கழன்று அங்கேயே நின்றுவிடும்.

8. ஃபெல்டிங் ஊசிக்குக் கேஜ் எண் உண்டு. எண் கூடினால் ஊசி மெலியும். 36, 38 தடித்தவை. சீக்கிரம் ஒடியாது, ஆனால் ஓட்டை பளிச்சென்று தெரியும். 42, 43 மெல்லியவை. நெற்றி ஓரத்துக்கும் காதோரத்துக்கும் ஏற்றவை. 38-லும் 42-லும் அரை அரை டஜன் வாங்கினால் ஒரு தலையை முடித்துவிடலாம். பிடரியில் 38-ஐ வைத்துக் கை பழகிக்கொண்டு, உச்சிக்கும் நெற்றிக்கும் 42-க்கு மாறுங்கள். வெட்டுகள் நிறைய உள்ள ஊசி ஒரே குத்தில் பத்து முடியை இழுத்துக்கொண்டு போகும். ஒற்றை வெட்டு ஊசி கிடைத்தால் விடாதீர்கள்.

9. ஊசியைச் செங்குத்தாகக் குத்தினால் முடி முள்ளம்பன்றியாக நிற்கும். முடி படிய வேண்டிய திசைக்கு ஏற்றபடி நன்றாகச் சாய்த்துக் குத்துங்கள். முதலில் சுழி எங்கே என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுழி வலமாகச் சுற்றும். அதைச் சுற்றியே மற்ற வரிசைகள் கிளம்பும். இரட்டைச் சுழி வைத்தாலும் குற்றமில்லை, பொம்மைக்கு ரெண்டு கல்யாணப் பயம் கிடையாது. குறி போடத் தையல்காரர் சாக்பீஸ் போதும். பேனா மை வினைலில் ஊறிவிட்டால் போகவே போகாது.

10. ஒரு குத்துக்கு ஒன்றிரண்டு முடி, அவ்வளவுதான். நெற்றி ஓரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. வரிசை பிடித்து நடாமல் முன்பின்னாகக் குத்துங்கள். வரிசை தெரிந்தால் நாற்று நட்டது போலாகிவிடும் என்று சொல்லத் தேவையில்லை.

11. துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அதன்மேல் தலையை உட்கார வையுங்கள், உருளாது. வினைல் விறைப்பாக இருந்தால் ஊசி ஒடியும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் இளகும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் அதுவும் தேவைப்படாது. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் பொம்மையை விட்டுவிடாதீர்கள்.

12. ஊசியை நெம்பாதீர்கள், போன வழியிலேயே நேராக இழுங்கள். ஒடிந்தால் முனையைக் காந்தத்தால் தேடி எடுத்த பிறகே அடுத்த குத்து. பிடித்திருக்கும் விரலில் பிளாஸ்திரி இரண்டு சுற்று இருக்கட்டும். முடி நட்ட பொம்மை அலங்காரத்துக்குத்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம்.

13. நட்டு முடித்ததும் தலையின் உள்பக்கம் முழுக்கப் பசை பூசினால்தான் முடி தங்கும். காய்ந்த பிறகும் வளையக்கூடிய, நிறமற்ற பசையாகக் கேளுங்கள். உடனடி ஒட்டுப் பசை விறைத்து வெள்ளை பூக்கும். மரவேலைக்கான சாதாரண வெள்ளைப் பசை தண்ணீர் பட்டால் இளகும். ஜன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள்.

14. குளிப்பாட்ட வெதுவெதுப்பான தண்ணீரும் துளி ஷாம்பூவும் போதும். கசக்கினால் சிக்குப் பிடிக்கும். சீயக்காய் வேண்டாம், துகள் தங்கும். எண்ணெய் வைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

15. மொஹேரைப் பூச்சி அரிக்கும். அந்துருண்டை போடலாம் என்று நினைப்பீர்கள். அதன் ஆவி வினைலைக் கெடுக்கும். வசம்போ, நிழலில் காய்ந்த வேப்பிலையோ துணியில் முடிந்து வையுங்கள். ஊசி துருப்பிடிக்காமல் இருக்கத் தையல் மிஷின் எண்ணெயைத் துளி தடவி, டப்பாவில் மூடி வைக்கலாம். நடும் முன் மறக்காமல் துடைக்க வேண்டும், எண்ணெய்க் கறை முடியில் ஏறும்.

16. மின்விசிறிக்கு அடியில் இந்த வேலை நடக்காது. ஆடிக் காற்றில் ஜன்னலோரத்திலும் நடக்காது. மொஹேர் வீடு முழுக்கப் பறக்கும். முழுத் தலை என்பது பல நாள் வேலை, விடிகாலை வெளிச்சமும் நிதானமான கையும் கேட்கும். புரட்டாசிக் கொலுவில் வைக்க நினைப்பவர்கள் ஆனியிலேயே முடியையும் ஊசியையும் வரவழைத்து, ஆடி பிறக்கும் முன் பிடரிப் பக்கத்தையாவது முடித்துவிடுங்கள்.