ஊற்றுவதற்கு முன் பார்

பட்டறை போட்டிருக்கும் தம்பிக்கு,

நீ கேட்டது சின்னக் கேள்வி. 2010 மாடல் ஃபார்ச்சூனர், மூன்றாவது ஓனர், மீட்டரில் 2,80,000 கிலோமீட்டர். "ஆயில் மட்டும் மாத்திடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த ஆயில் ஊற்றலாம்?

பதிலும் சின்னதுதான். அந்த 3.0 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு, நம் ஊர் வெயிலுக்கு, நல்ல கம்பெனியின் 15டபிள்யூ40 போதும். டப்பாவில் சிஐ-4 என்றோ அதற்கு மேலான தரம் என்றோ போட்டிருக்க வேண்டும். புகைக்குழாயில் கரி வடிகட்டி வைத்த பிஎஸ்-6 வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தனியாக உண்டு. அவற்றில் இதை ஊற்றிவிடாதே. விலை கூடிய சிந்தெடிக் ஊற்றினால் தேய்ந்த ரிங் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இரு.

நீ கேட்காததைத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இவ்வளவு ஓடிய இன்ஜினின் உள்ளே எட்டிப் பார்க்க நமக்குக் கிடைக்கிற ஒரே நாள், ஆயில் மாற்றுகிற நாள். அந்த நாளை நம் ஆட்கள் அரை மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

வண்டி வந்ததும் ஸ்பேனரோடு கீழே படுக்காதே. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் கழித்து ஸ்டிக்கை எடு. பனியன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பார். பழைய ஆயில் எந்த அளவில் நிற்கிறது என்று எழுதி வை. இறங்கியிருந்தால் இன்ஜின் குடித்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஒழுகியிருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். ஏறியிருந்தால்தான் கவலை. ஆயில் தானாகப் பெருகாது. உள்ளே கூலன்ட்டோ டீசலோ கலக்கிறது. கூலன்ட் என்றால் பால் அதிகமான காபி நிறத்தில் அதுவே காட்டிக்கொடுக்கும். டீசல் கலந்தால் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. மோந்து பார், விரலில் தொட்டால் நீர்த்துப் போயிருக்கும். ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்து ஓனர் பதறுவார். டீசல் இன்ஜினில் புது ஆயிலே கொஞ்ச தூரத்தில் கறுத்துவிடும், கரியைச் சுமப்பதுதான் அதன் வேலை என்று சொல்லிப் புரியவை.

அடுத்து, ஐடிலில் ஓடவிட்டு ஆயில் மூடியைத் திற. லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. புஸ்புஸ்ஸென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன் என்போம். உடனே ரிங் போச்சு, போர் வேலை என்று எஸ்டிமேட் எழுதத் தோன்றும். இந்த இன்ஜினில் அந்த அவசரம் கூடாது.

1கேடி என்கிற இந்த இன்ஜினில் இன்ஜெக்டர்கள் வால்வ் கவர் வழியாக இறங்கி ஹெட்டில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன செம்பு வாஷர். அந்த வாஷர் சரியாக உட்காராமல் போனால், எரிகிற வாயு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வால்வ் கவருக்குள் போகும். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று அடிப்பது அதுவாகவும் இருக்கலாம். போர் வேலை செலவு எங்கே, நான்கு வாஷர் செலவு எங்கே!

ஆனால் அலட்சியமாக விட்டால் போர் வேலையைவிடப் பெரிய செலவில் கொண்டுபோய் விடுவதும் இந்த வாஷர்தான். கசிந்த வாயுவின் கரி ஆயிலோடு சேர்ந்து, சூட்டில் காய்ந்து கட்டியாகும். கட்டி உடைந்து சில்லு சில்லாகச் சம்ப்புக்கு இறங்கும். ஆயில் பம்ப் உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறதே, அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சம்ப் நிறைய ஆயில் இருந்து என்ன பயன்? ஸ்டிக்கில் அளவு முழுசாகக் காட்டும், கிராங்க் பேரிங்குக்குப் போதிய ஆயில் போகாது. இதே இன்ஜின் ஓடும் ஹைலக்ஸ், பிராடோ வண்டிகளில் ஆஸ்திரேலியாவில் இது பேர்போன தொல்லை. ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டியும் இதில் சீஸ் ஆகும். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அறிகுறிகள் மூன்று நான்கு உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் மேலே சுக்குசுக்கென்று ஒரு சத்தம். இன்ஜின் சூடானால் அது அடங்கிவிடும், அதனால் வண்டியை முந்தின நாள் இரவே விட்டுப் போகச் சொல். ஆயில் மூடியின் அடியில் கெட்டியாக ஒட்டிய கறுப்புப் பிசின். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் அணைய வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுப்பது. கடைசியாக, நீ இறக்குகிற ஆயிலே. அதை அப்படியே பேரலில் கொட்டாதே. மெல்லிய துணியில் வடித்துப் பார், கரிச் சில்லு தங்குகிறதா என்று. ஆயில் வடிந்ததும், போனில் மாட்டுகிற ஒயர் கேமராவை டிரெயின் ஓட்டை வழியே விட்டு முடிந்தவரை உள்ளே பார். சந்தேகம் தீராவிட்டால் சம்ப் தட்டை இறக்கிச் சல்லடையைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. வாஷர் மாற்றும்போது இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் தேய்த்துக் கரி போக்காமல் புதிய வாஷரைப் போட்டால் சீக்கிரமே வண்டி திரும்பி வரும். கழற்றிய பழைய வாஷர் புதிதுபோல் இருந்தாலும் திரும்பப் போடாதே.

இங்கே இன்னொன்று. உள்ளே கரி இருக்கிறதென்று தெரிந்ததும் ஃப்ளஷ் ஊற்றி ஓட்டலாமா என்று கேட்பாய். வேண்டாம். ஒட்டிக்கிடக்கும் அழுக்கு மொத்தமாகக் கிளம்பி அதே சல்லடையில்தான் போய் விழும். சல்லடையைக் கழுவிவிட்டு, சாதாரண ஆயிலை ஊற்றி, 2,000 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்று. ஆயிலே மெதுவாகக் கழுவிக்கொள்ளும்.

பழைய ஃபில்டரையும் தூக்கி எறியாதே. வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பார். மினுமினுவென்று செம்பு நிறத் துகள் என்றால் பேரிங் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. டிரெயின் நட்டின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதியது. நட்டை முதலில் கையால் ஏற்று, மரை போன சம்ப்பை லாத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? இந்தக் கேள்விக்கு மீட்டர் மட்டும் பதில் சொல்லாது. ஃபார்ச்சூனர் எங்கெல்லாம் நிற்கும் என்று உனக்கே தெரியும்: கல்யாண மண்டப வாசலில், கட்சிக் கூட்டத்துக்குப் பின்னால், ரிஜிஸ்டர் ஆபீஸ் மரத்தடியில், ஏசி போட்டபடி, இன்ஜின் ஓடியபடி. நின்றுகொண்டே ஓடிய மணிநேரம் கிலோமீட்டரில் ஏறாது, ஆயிலில் ஏறும். வண்டி யாருடையது, டிரைவர் உண்டா, எங்கே காத்திருக்கும் என்று விசாரி. பிஎஸ்-3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம் வரை இருந்தது, 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வருவதில் அதிகபட்சம் 10தான், அதனால் ஆயில் இப்போது கூடத் தாங்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அமிலத்தைப் பொறுத்தவரை சரி. தேய்ந்த ரிங்கைத் தாண்டி இறங்கும் கரிக்கும் கந்தகத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த வண்டிக்கு நானாக இருந்தால் 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்தியோ அது என்று எழுதிக் கொடுப்பேன்.

டேஷ்போர்டில் டைமிங் பெல்ட் லைட் எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காதே. பெல்ட்டை மாற்றாமலே அந்த லைட்டை ரீசெட் செய்துவிட முடியும், செய்துமிருக்கிறார்கள். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும்.

ஆயிலைத் தெரிந்த டீலரிடம் பில்லோடு வாங்கு. காலி டப்பாவைக் கழிவில் போடுமுன் ஓட்டை போட்டுவிடு. நல்ல டப்பாவுக்கு வெளியே விலை உண்டு, அதில் எதை நிரப்பி விற்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வேஸ்ட் ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்கென்று கேட்டு வருவார்கள், கொடுக்காதே. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் அதுவும் வருகிறது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆட்களுக்குத்தான் போக வேண்டும். வருஷக்கணக்கில் தோலில் படுவது புற்றுநோய் வரை போகும் என்பதால், உன்னிடம் வேலை கற்கிற பையன்களுக்கும் கையுறை வாங்கிப் போடு.

இதற்கெல்லாம் யார் கூலி தருவார் என்று கேட்பாய். ஆயில் மாற்றும் கூலியைப் பக்கத்துப் பட்டறை அளவிலேயே வை. பார்த்ததற்குத் தனியாக ஒரு தொகை, பில்லில் தனி வரியாக: ஸ்டிக் அளவு, பேக் கம்ப்ரஷன், ஃபில்டரில் கண்டது, சல்லடை எப்படி இருந்தது. வெட்டிய ஃபில்டரை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு பில்லோடு சேர்த்துக் கொடு. சிலர் பேரம் பேசிக் குறைப்பார்கள், குறைத்துக்கொள். அந்த வரிகளை மட்டும் பில்லிலிருந்து எடுக்காதே. அடுத்த முறை ஸ்டிக்கை எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உனக்கே அது வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்