கணினி திக்குகிறது: மெமரி வேகத்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா?

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரம் கணினிக்குள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் மின் ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் கிளவுட் முறை வந்தபின், போடி மையத்தில் உட்கார்ந்தபடியே இடுக்கி மாவட்டப் புத்தடி ஏலத்திலும் விலை கேட்க முடிகிறது. மையத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கடையில் இருக்கும் கணினிக்குத்தான் நாதியில்லை. டேலி, ஜிஎஸ்டி தளம், எல்லை தாண்டும் சரக்குக்கு இ-வே பில், வங்கி, வாட்ஸ்அப் வெப் என்று எல்லாமே அந்த ஒரே பெட்டியில்தான் ஓடுகின்றன. திடீரென்று ஒருநாள் அது திக்க ஆரம்பிக்கும். மவுஸ் நின்று நின்று நகரும், பில் திரை வெள்ளையாக உறையும். அப்போது கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சொல்வான்: “பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணுங்க மாமா, சிஸ்டம் பறக்கும்.”

அவன் சொல்வது பாதி சரி. மெமரி வேகம் உண்மையிலேயே குறைந்து கிடக்கலாம். ஆனால் திக்கலுக்குக் காரணம் அதுவாக இருப்பது அபூர்வம்.

முதலில் அந்த எக்ஸ்எம்பி என்னவென்று பார்ப்போம். 3200 என்று பெட்டியில் அச்சிட்ட டிடிஆர்4 மெமரியை வாங்கி மாட்டினால், பல சமயம் அது 2133, 2400 அல்லது 2666-இல்தான் ஓடும். ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த பொது வேகங்கள் இவை. எந்த போர்டிலும் கிளம்ப வேண்டும் என்பதற்காக வைத்தவை. தயாரிப்பாளர் சோதித்துத் தரும் கூடுதல் வேகம் தனி புரொஃபைலாக மெமரிக்குள்ளேயே பதிந்திருக்கும். இன்டெல் அதற்கு வைத்த பெயர் எக்ஸ்எம்பி. 2022-இல் ரைசன் 7000 பிராசஸர்கள் வந்தபோது டிடிஆர்5-க்கென்று ஏஎம்டி தன் பங்குக்கு எக்ஸ்போ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் போய் ஆன் செய்தால்தான் இவை வேலை செய்யும். டிடிஆர்4-இல் மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35-க்கு ஏறும். ஆகவே இது ஓவர்கிளாக்தான், அதாவது பொது வேகத்தைத் தாண்டி ஓட்டுவது.

இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் போதும். சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் 3200 மெமரி 1600 என்று காட்டும். பாதி வேகம் காணாமல் போய்விட்டதென்று பதற வேண்டாம், அது கடிகார வேகம், அதை இரண்டால் பெருக்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜரின் அந்தப் பக்கத்தில் வேகத்தைவிட முக்கியமான இரண்டு தகவல்கள் உண்டு. ஒன்று, எவ்வளவு மெமரி நிரம்பியிருக்கிறது என்பது. 8 ஜிபியில் 90 சதவீதம் நிரம்பியிருந்தால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் பழைய ஹார்டு டிஸ்காகவும் இருந்துவிட்டால் எந்த எக்ஸ்எம்பியும் காப்பாற்றாது. எஸ்எஸ்டி ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான்.

மற்றொன்று, எத்தனை ஸ்லாட்டில் மெமரி இருக்கிறது என்பது. அசெம்பிள் செய்த அலுவலகக் கணினிகளில் ஒற்றை மெமரிக் குச்சியைப் போட்டு அனுப்பிவிடுவது வழக்கம். 3200 வேக ஒற்றைக் குச்சி நொடிக்கு 25.6 ஜிபி வரை கொடுக்கும். இரண்டு குச்சியை இரண்டு சேனலில் போட்டால் 51.2. போடிமெட்டு ஏற்றத்தில் ஒற்றைத் தடத்தில் லாரி முன்னே ஊர்ந்தால், பின்னால் வரும் தோட்டத்து ஜீப்பின் இன்ஜின் பவர் எதற்கும் உதவாது. இரண்டாவது தடம்தான் தேவை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் காட்டும் வேலையையும் இதே மெமரிதான் செய்கிறது என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2400-இல் ஓடும் இரண்டு குச்சி, 3200-இல் ஓடும் ஒரு குச்சியை அங்கே எளிதாக வெல்லும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாக பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும். அருகருகே சொருகினால் பல போர்டுகளில் இரண்டு சேனல் கிடைக்காது.

ஏஐ தரவு மையங்களின் பசியால் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை கிடுகிடுவென ஏறியதால், இரண்டாவது குச்சி வாங்கச் சொல்வது முன்போலச் சுலபமான யோசனை இல்லைதான். இருந்தாலும் திக்கலுக்குச் செலவழிக்கும் காசில் எஸ்எஸ்டிக்கு அடுத்து இதற்குத்தான் பலன் அதிகம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். பல கடைகளில் இரவு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி செத்திருந்தால், அந்த ஓர் இரவில் பல போர்டுகளில் பயாஸ் அமைப்பு அழிந்து மெமரி பழையபடி 2133-க்கோ 2400-க்கோ போய்விடும். பையன் வந்து ஆன் செய்வான், இரண்டு நாள் கழித்து மறுபடி மெதுவாகும், “மெமரி போச்சு” என்று புதிது வாங்க மதுரைக்குக் கிளம்புவார்கள். கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கிறதா, வங்கித் தளம் பாதுகாப்பில்லை என்று மிரட்டுகிறதா, கிளம்பும்போது எஃப்1 தட்டச் சொல்கிறதா? அப்படியானால் தேவை ஒரு பட்டன் பேட்டரி. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையிலேயே கிடைக்கும். பேட்டரி நன்றாக இருந்தாலும், கிளம்பிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் சில போர்டுகள் ஓவர்கிளாக் தோற்றதாக நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து யுபிஎஸ். மலை மேல் ஸ்டோர் ரூம்களில் ஈரம் அதிகம்; அங்கே உள்ள கணினியில் குச்சியைக் கழற்றி, தங்க முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டிப் பார்ப்பதும் வீண் வேலை அல்ல.

இத்தனையும் சரியாக இருந்தும் வேகம் குறைவாகவே காட்டினால்தான் எக்ஸ்எம்பி கேள்வி எழுகிறது. அப்போதும் போர்டு இடம் கொடுக்க வேண்டும். 10-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 பிராசஸரை எச்410 போர்டில் போட்ட அலுவலகக் கணினிகளில் உச்சமே 2666தான். 3200 குச்சி வாங்கினாலும் அதற்கு மேல் ஓடாது. பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் இந்த வசதியே கிடையாது.

இடம் கொடுக்கும் போர்டு என்றால், யார் எதைத் தேர்வது? பில் போடுகிற, கணக்கு வைக்கிற கணினிக்கு என் பரிந்துரை ஜெடெக் வேகமே. டேலி 2666-இல் ஓடுவதற்கும் 3200-இல் ஓடுவதற்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நிலையில்லாத மெமரி கணக்குக் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். திக்குவதைவிட மோசம் அது.

கேம் ஆடுகிற, வீடியோ எடிட் செய்கிற மாணவருக்கும் கல்யாண ஸ்டுடியோக்காரருக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ தாராளமாக. எண்ணைப் பெரிதாக்குவதே குறியாக இருக்க வேண்டாம். வேகத்தோடு சிஎல் என்ற தாமத எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 3200 சிஎல் 16, 3600 சிஎல் 18, 6000 சிஎல் 30 மூன்றிலும் முதல் தகவல் வரும் தாமதம் ஒன்றேதான், 10 நானோ நொடி. ரைசன் 5000-க்கு 3600, ரைசன் 7000-க்கு 6000 என்ற அளவில் நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் போனால் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கி, வாங்கிய வேகம் வீணாகலாம். டிடிஆர்5-இல் நான்கு குச்சி போடும் ஆசை வேண்டாம். ரைசன் 7000-க்கு நான்கு குச்சியுடன் ஏஎம்டி உறுதி தருவது 3600 மட்டுமே. எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் கருகியபின்தான் எஸ்ஓசி என்ற பகுதியின் மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் வரம்பு வந்தது. புது டிடிஆர்5 கணினி முதல்முறை சில நிமிடம் கருப்புத் திரையோடு நின்றால் அணைத்துவிடாதீர்கள், மெமரியைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.

ஆன் செய்தபின் நீலத் திரை வருகிறதா, மென்பொருள்கள் தானாக மூடுகின்றனவா? புரொஃபைலை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள், 3600 என்றால் 3466 அல்லது 3200. பலருக்கு இந்த நடுவழியே போதும். டைமிங் எண்களைக் கையால் ஒவ்வொன்றாகத் திருத்துவது பொழுதுபோக்கு. பொழுது இருப்பவர்கள் செய்யலாம். எதைத் தேர்ந்தாலும் ஓர் இரவு மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் உங்களுக்கு ஆகாது.

ரைசன் கணினி அவ்வப்போது ஓரிரு நொடி மட்டும் ஒலியோடு சேர்ந்து திக்குகிறது என்றால் மெமரியைச் சந்தேகிக்கும் முன் பயாஸ் தேதியைப் பாருங்கள். எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியால் இப்படி நேர்வதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அதன்பின் வந்த பயாஸ்களில் தீர்வு உண்டு.

ஆக, கடைக் கணினி திக்கினால் எஸ்எஸ்டி, மெமரி அளவு, இரண்டாவது குச்சி, பட்டன் பேட்டரி, பயாஸ் புதுப்பிப்பு என்ற வரிசையில் பாருங்கள். வேகத்தில் கை வைப்பது அதற்குப் பிறகு. அதையும் ஜிஎஸ்டி தாக்கல் முடிந்த வாரத்தில், டேலி கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.