நெஞ்சாற் கற்றல்

ஒவ்வொரு மொழிக்கும் அதற்கேயுரிய மரபுத்தொடர்கள் உள. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் பொருள் வழுவும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘லேர்ன் பை ஹார்ட்’ அத்தகையதொன்று. ‘இருதயத்தாற் கற்றல்’ என்பது நகைப்புக்கிடமாகும். ‘பாடமாக்குதல்’, ‘மனனஞ் செய்தல்’ என்பனவே நேரிய தமிழ்.

நினைவுக்கும் இருதயத்துக்கும் யாது தொடர்பு? அறிவின் இருப்பிடம் இருதயமே என்று கி.மு. 4 ஆம் நூற்றாண்டிலே அரிஸ்டோட்டில் கருதினார். கி.பி. 2 ஆம் நூற்றாண்டு மருத்துவர் கலென், விலங்குகளின் நரம்புகளை ஆராய்ந்து, அது மூளையே என வாதித்தார். மருத்துவம் மாறியது, மொழி மாறவில்லை. 14 ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சோசர் இத்தொடரைக் கையாண்டுள்ளார். பிரெஞ்சு மொழித் தொடரும் இருதயத்தையே சுட்டும். பதிவைக் குறிக்கும் ‘ரெக்கோர்ட்’ என்னும் சொல்லின் வேரும் இருதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே. நாமும் ‘நெஞ்சிற் பதிந்தது’ என்கின்றோம் அன்றோ!

இனி, வழக்கினை நோக்குவோம். ‘செய்யுளைப் பைஹார்ட் பண்ணினேன்’ என்பது எம் மாணவர் பேச்சு. ஆங்கிலத்திலோ ‘பை ஹார்ட்’ தனித்து நின்று வினையாகாது. ‘லேர்ன்’ சேரின் பாடமாக்குதல். ‘நோ’ சேரின் முன்னரே பாடமாயிருத்தல். ‘டேக் டு ஹார்ட்’ என்பது வேறு: ஒருவர் சொல்லை மனத்துட் கொண்டு வருந்துதல், அல்லது அதன்வழி ஒழுகுதல். ‘லேர்ன் பை ரோட்’ என்பது பொருளுணராது திரும்பத் திரும்பச் சொல்லி உருப்போடுதல்.

இவ்விறுதி வேறுபாடே மாணவர் சிறப்பாகக் கருதத்தக்கது. பரீட்சைக்கென உருப்போட்டது பரீட்சை மண்டபத்து வாயிலிலேயே உதிர்ந்துவிடும். அக்குறையை மனனத்தின்மேல் ஏற்றி, ‘கைத்தொலைபேசியில் எல்லாம் உள்ளபோது பாடமாக்குவது எதற்கு?’ என வினவுவோர் இன்று பலர். 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஆயினும், அங்கு கற்ற செய்யுளொன்றைப் பொருளுணர்ந்து பாடமாக்கியிருந்தவரிடத்து அச்செய்யுள் எரியவில்லை. வெளியே வைத்த பொருளை இழக்கலாம். நெஞ்சில் வைத்தது நம்முடன் வரும்.

ஆதலின், மாணவர்காள்! முதலில் பொருளுணருங்கள், பின்னர் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதன்பின் ஏட்டை மூடுங்கள். இக்கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டு கழிந்தும் இளமையிற் கற்ற செய்யுளைத் தடையின்றிச் சொல்லும் பழைய மாணவரைக் கேளுங்கள். ‘பை ஹார்ட்’ என்பதன் பொருள் அவர்களிடத்தே தெளிவாக விளங்கும்.