பழைய காருக்குக் குரோம் பம்பர் பொருத்தும் முறை

மெக்கானிக் தொழில் கற்பவர்களுக்கான பாடம் இது. காரின் முகத்தில் முதலில் கண்ணில் படுவது பம்பர். அது கால் அங்குலம் சாய்ந்தாலும் வண்டியே கோணலாகத் தெரியும். நான்கைந்து போல்ட்டை முடுக்கும் வேலைதானே என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பொறுமையும் நேர்மையும் இரண்டும் தேவைப்படும் வேலை இது. உதாரணத்திற்கு, பிரிட்டனில் தயாரான எம்.ஜி.பி என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம்.

எம்.ஜி.பி 1962-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் தயாராயின. 1974 வரை வந்தவற்றுக்குக் குரோம் பம்பர். பிறகு அமெரிக்காவின் மோதல் பாதுகாப்பு விதிகளுக்காக, ரப்பர் பம்பர் என்று சொல்லப்படும் கனத்த கறுப்பு பம்பர் வந்தது. வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. அதனால் பழைய கார் பிரியர்கள் பலர் குரோம் பம்பர் வண்டியையே தேடி வாங்குகிறார்கள்.

குரோம் என்பது என்ன?

பம்பரின் உடல் எஃகுத் தகடு. அதன்மேல் நிக்கல் பூச்சு; அதற்கும் மேல் மிக மெல்லிய குரோமியம். துருவைத் தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நிக்கல்தான். அது மங்காமல் காப்பது குரோமியம். தகடு வளையும், பூச்சு அந்த அளவுக்கு வளையாது. பம்பரை முறுக்கி இழுத்துப் பொருத்தினால் பூச்சு வெடிக்கலாம். அந்த வெடிப்பில் நீர் இறங்கித் துரு பிடிக்கும். பெயின்ட் போல அந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது. பழைய பூச்சை நீக்கி, தகட்டை மெருகிட்டு, முழுப் பம்பருக்கும் மறுபடி முலாம் பூச வேண்டும்.

ஆகவே இப்பாடத்தின் முதல் விதி: தாங்கியைச் சரிசெய்து பம்பரைச் சேர்க்க வேண்டும், பம்பரை வளைத்துத் தாங்கியோடு சேர்க்கக் கூடாது.

வேலையின் ஒழுங்கு

1. பழைய போல்ட்டுகளில் முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். கழற்றும்போது இடப்பக்கத்து வாஷர்களையும் வலப்பக்கத்து வாஷர்களையும் தனித்தனிப் பையில் போடுங்கள். எந்த இடத்தில் எத்தனை வாஷர் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

2. பழைய பம்பரையும் புதியதையும் போர்வை விரித்து அருகருகே வைத்துப் பாருங்கள். துளைகளின் இடைவெளி, இரு முனைகளின் வளைவு, மொத்த நீளம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். இப்போது செய்யப்படும் மாற்று பம்பர்கள் எல்லாம் பழையதன் அளவிலேயே வருவதில்லை. பொருத்திப் பார்த்துக் கீறல் விழுந்த பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

3. இந்தக் காரின் போல்ட்டுகள் பெரும்பாலும் யு.என்.எஃப் மரை கொண்டவை. மில்லிமீட்டர் மரை போல்ட்டை அதில் திணித்தால் மரை அழிந்துவிடும்.

4. வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் பம்பரை நேர்படுத்தாதீர்கள். பாடியின் ஓரங்களில் காகித டேப் ஒட்டிவிட்டு, இருவர் சேர்ந்து பம்பரைத் தூக்குங்கள்.

5. எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் முடுக்குங்கள். பம்பரின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஓவர்ரைடர்களையும் தளர்வாகவே மாட்டுங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் மறுபக்கம் தன் இடத்துக்கு வராது.

6. இனி நேர்படுத்தல். முதலில் இட வலம்: பம்பர் முனையிலிருந்து சக்கர வளைவு வரை இருபுறமும் அளந்து சமப்படுத்துங்கள். அடுத்து உயரம். அதற்கடுத்து பாடிக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளி. கடைசியாக, பம்பரின் முகம் மேலோ கீழோ சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துளைகளில் உள்ள அசைவும் வாஷர்களுமே இதற்குப் போதும்.

7. பதினைந்து அடி தள்ளி, வண்டியின் நடுவுக்கு நேரே குனிந்து பாருங்கள். சரியென்றால் பாடியோடு சேரும் போல்ட்டுகளை முதலில், இடமும் வலமும் மாறி மாறிக் கால் திருப்பாக இறுக்குங்கள். பிறகு பம்பர் போல்ட்டுகள், கடைசியில் ஓவர்ரைடர்கள். இறுக்கும்போது பம்பர் நகரும். ஆகவே நடுநடுவே அளந்துகொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

எதை நம்பி நேர் பார்ப்பது?

பலர் ரசமட்டத்தைப் பம்பர் மேல் வைக்கிறார்கள். பழைய வண்டியில் ஒரு பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்து பாடி சற்றுச் சாய்ந்திருக்கலாம். அப்போது தரைக்கு மட்டமான பம்பர், பாடியின் முன் கோணலாகத் தெரியும். பார்ப்பவர் பம்பரை ஒப்பிடுவது ஹெட்லைட்டோடும் கிரில்லோடும்தான், தரையோடு அல்ல. ஆகவே பாடியின் கோடுகளையே அளவாகக் கொள்ளுங்கள். ஸ்பிரிங் தளர்ச்சியைத் தனிக் குறையாக உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

வாஷர் மறைக்கும் குறை

இரண்டு மூன்று வாஷரில் சரியாகும் வித்தியாசம் இயல்பானது. ஒரு பக்கத்துக்கு மட்டும் அடுக்கடுக்காக வாஷர் வைத்தும் பம்பர் சேரவில்லை என்றால் கையை நிறுத்துங்கள். முதலில் தாங்கி வளைந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். தாங்கி நேராக இருந்தால், அது சேரும் இடமே நகர்ந்திருக்கிறது.

இங்கேதான் எம்.ஜி.பியின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ காருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. எம்.ஜி.பியில் பாடியும் சேஸிஸும் ஒன்றே. பம்பர் தாங்கி சேரும் இடம் நகர்ந்திருந்தால், எப்போதோ வாங்கிய மோதலில் பாடியின் முன்பகுதியே வளைந்திருக்கலாம். உள்ளே துரு அரித்தும் இருக்கலாம். நீண்ட போல்ட் போட்டு இழுத்து, வாஷர் அடுக்கி, பம்பரை நேராகக் காட்டிவிட முடியும். உரிமையாளர் மகிழ்ந்து பணமும் தருவார். ஆனால் அடுத்த மோதலில் அந்த முன்பகுதி எப்படித் தாங்கும்?

நம்மிடம் விடப்பட்ட வண்டி அமானிதம். அளந்த கணக்கை உரிமையாளரிடம் காட்டி, "பம்பரில் குறை இல்லை, பாடியை அளந்து பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். வேலை அன்று முடியாமல் போகலாம், கூலியும் தள்ளிப்போகலாம். அந்த மெக்கானிக்கிடம்தான் அவர் மறுபடியும் வருவார்.

பயிற்சி

1. போல்ட்டுகளை ஏன் முதலில் கையால் மட்டும் முடுக்க வேண்டும்?
2. ரசமட்டம் எப்போது ஏமாற்றும்?
3. எந்த நிலையில் வாஷர் வைப்பதை நிறுத்தி உரிமையாளரை அழைக்க வேண்டும்?